மரை கழண்ட கேஸ்!

துப்பாக்கிக்கும் எனக்கும் உள்ள உறவு மெரினா பீச்சோடு சரி. ஏர்கன்னில் பத்து பலூனுக்குக் குறிவைத்து இரண்டை உடைத்து, கடைக்காரப் பையனிடம் "பரவால்ல சார், இன்னிக்கு காத்து ஜாஸ்தி" என்று ஆறுதல் வாங்கியவன் நான்.

அப்படிப்பட்டவனிடம், ஆபீஸ் வேலையாக அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் இருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டார்: "நீங்க இன்ஜினீயர்தானே? பையனோட துப்பாக்கியில ரெட் டாட் மாட்டணும். கொஞ்சம் கூட இருக்கீங்களா?"

நான் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவன். ஸ்க்ரூவுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால், 'தெரியாது' என்று சொல்லத்தான் நமக்குத் தெரியாதே!

பையனுக்கு 12 வயசு. மிசௌரியில் வசந்த கால வான்கோழி வேட்டைக்கு முன்னால் ஒரு சனி, ஞாயிறை 6 முதல் 15 வயசுப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்குகிறார்கள். வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாத பிள்ளையென்றால் கூடப் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். போன வருஷம் இவன் சுட்ட வான்கோழி, அடிபட்டும் விழாமல் காட்டுக்குள் ஓடிவிட்டது. அப்பாவும் பிள்ளையும் இருட்டும் வரை தேடியும் கிடைக்கவில்லை.

"ராத்திரி முழுக்க அழுதான். இனிமே வேட்டைக்கே வரலைன்னுட்டான்" என்றார் அவர்.

தப்பு எங்கே? ஷாட்கன்னின் முனையில் ஒரு சின்ன மணிதான் குறி. பின்பக்கம் ஒன்றும் கிடையாது. சுடுகிறவன் கண்தான் பின்குறி! கன்னம் கட்டையில் ஒட்டியிருக்க வேண்டும். பரபரப்பில் பையன் தலையைத் தூக்கினான். கண் உயர்ந்தது, சூடும் மேலே போனது. வான்கோழிக்குத் தலை, கழுத்தில்தான் குறிவைப்பார்கள். ரவை அங்கே கும்பலாக விழுந்தால் அதே இடத்தில் முடிந்துவிடும். ஓரத்து ரவை நாலு பட்டால் சித்திரவதை.

சினிமாவில் ஹீரோவின் நெஞ்சில் ஊருமே சிவப்புப் புள்ளி, அது லேசர். ரெட் டாட் வேறே. உள்ளே ஒரு குட்டி எல்.ஈ.டி. விளக்கு. எதிரே உள்ள கண்ணாடி அந்தச் சிவப்பை மட்டும் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. புள்ளி நமக்கு மட்டும்தான் தெரியும். தலை கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும், புள்ளி உட்காருகிற இடத்தில் சூடு விழும். ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் கம்பெனி 1975லேயே இதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

துப்பாக்கி 20 கேஜ். அதாவது, ஒரு பவுண்டு ஈயத்தை 20 சம உருண்டையாக்கினால், ஓர் உருண்டை எத்தனை பெரிசோ அத்தனை அகலம் குழல். எனவே 12 கேஜ்தான் பெரிசு, 20 சின்னது!

தோட்டா இல்லையென்று இரண்டு தரம் பார்த்துவிட்டு அவர் பிடித்துக்கொண்டார். விசாவில் வந்தவன் துப்பாக்கி வைத்துக்கொண்டால் பொதுவாக சட்டப்படி வம்பு. என் இலாகா திருப்புளி மட்டும். மேல்பக்கத்து நாலு ஓட்டையில் பட்டையைப் பொருத்தி, அதன்மேல் ரெட் டாட். ஸ்க்ரூவில் நீலப் பசை ஒரு சொட்டு விடவேண்டுமாம். பாட்டில் மூடி திறக்கவில்லை. "எதுக்கு சார் பசை? கையால இறுக்கினாலே போதும்!" என்றேன் கம்பீரமாக.

மறுநாள் ரேஞ்சில், காதுக்கும் கண்ணுக்கும் கவசத்தோடு, 20 கஜத்தில் பேப்பர் தட்டு. முதல் சூடு நடுவில். இரண்டாவது வலப்பக்கம். அவர் குமிழைத் திருகினார். மூன்றாவது தட்டிலேயே படவில்லை!

பையன் முகம் செத்துவிட்டது. "எனக்குத்தான் சுடவே வரலை" என்று துப்பாக்கியைக் கீழே வைத்தவன், ரெட் டாட்டை லேசாகத் தொட்டான்.

"அப்பா... இது ஆடுது!"

சுடும்போது உதைக்கிற உதையில் ஸ்க்ரூ கழன்றிருந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். இது ரேஞ்சில் தெரியாமல் காட்டில் நடந்திருந்தால்? இன்னொரு வான்கோழி, இன்னொரு ராத்திரி, காரணம் நான்.

ஸ்க்ரூவைத் துடைத்து, பசை விட்டு, கணக்கான அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். பசை காய ஒரு நாள் விட்டு, லேசான தோட்டாவில் மூன்று, வேட்டைத் தோட்டாவில் இரண்டு. எல்லாம் நடுத்தட்டு!

அந்த ஞாயிறு சாயங்காலம் பையன் வெறுங்கையோடு வந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "மறுபடி கழண்டுதாப்பா?"

"இல்லை. புள்ளி சரியா தலை மேலதான் இருந்துது. ஆனா பின்னாடியே இன்னொண்ணு நின்னுது. சுட்டா அதுக்கும் ரவை படும். நகரட்டும்னு பார்த்தேன், ரெண்டும் போயிடுச்சு."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். நன்றாகவே சாப்பிட்டான் என்றார் அப்பா.

புள்ளி எங்கே சுடலாம் என்று காட்டும். சுடலாமா என்று அதற்குத் தெரியாது. அந்த மரை பையனிடம் கெட்டியாகத்தான் இருக்கிறது. கழண்ட கேஸ் நான்தான்!