கண்டாலா மலையில் ரயில் திரும்பிய நிலையம்

டோம்பிவிலி, அம்பர்நாத் பகுதிகளில் வாழும் நம்மவர்கள் ஊருக்குப் போக கல்யாணில் ரயில் ஏறுவது வழக்கம். கர்ஜத்தில் வண்டி நிற்கும். வடை வாங்க இறங்குவோம். அதற்குள் பின்னால் தள்ளுவதற்குக் கூடுதல் எஞ்சின்களைப் பூட்டிவிடுவார்கள். பிறகு குகை குகையாகக் கடந்து லோனாவ்லா போய்ச் சேருவோம்.

இந்த மலைப்பாதையில், கண்டாலாவுக்குச் சற்றுக் கீழே, முன்பு ஒரு நிலையம் இருந்தது. ஊர்ப் பெயர் அதற்குக் கிடையாது. 'ரிவர்சிங் ஸ்டேஷன்' என்பதே பெயர்.

அதன் காரணம் இதுதான். மலை செங்குத்தானது. பாதையை வளைத்துக் கொண்டுபோக இடமில்லை. எனவே ஏறிவரும் வண்டி மலை விளிம்பில் போய் நிற்கும். எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டுவார்கள். கடைசிப் பெட்டி முதல் பெட்டியாகி, வண்டி எதிர்த்திசையில் மேலே ஏறும். சில இடங்களில் 37 அடிக்கு 1 அடி ஏற்றம்!

கூலிக்காகக் கலகம்

வேலை 1856-இல் தொடங்கியது. கூலி பாக்கி சேர்ந்ததால் 1859 ஜனவரியில் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். கலகம் மூண்டது. அந்தக் காண்டிராக்டர் விலகினார். அடுத்து வந்த சாலமன் டிரெட்வெல் சில வாரங்களிலேயே நோயில் இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் காண்டிராக்டைத் தாமே ஏற்று, பொறியாளர்களை வைத்து வேலையை முடித்தார்.

1861-இல் மலையில் 40,000-க்கு மேற்பட்டோர் பாறை உடைத்தார்கள், மண் சுமந்தார்கள். காலராவில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். காண்டிராக்டர் குடும்பத்தின் பெயரை இன்றும் சொல்கிறோம். கூடை சுமந்தவர்களை யார் நினைக்கிறார்கள்?

1863-இல் பாதை திறக்கப்பட்டது. 1871-இல் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. அதன்பின் 58 ஆண்டுகள், அந்த வழியே பம்பாய்க்கு ரயிலில் வந்த தமிழர் அனைவரும் இந்த நிலையத்தில் நின்று, திசை மாறித்தான் கீழே இறங்கினார்கள்.

மின்சார ரயில் வரவிருந்த வேளையில், 1929-இல், புதிய குகைகள் குடைந்து பாதையை மாற்றினார்கள். வண்டி திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. நிலையத்துக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு, மூடிய நிலையம் என்றால் அங்கே கொடி காட்டியவர், விளக்கு ஏற்றியவர் நினைவுதான் முதலில் வருகிறது. அடுத்த முறை ஊருக்குப் போகையில், கண்டாலா நெருங்கும்போது பிள்ளைகளை எழுப்பி ஜன்னல் வழியே காட்டுங்கள். கூலி தேடி வந்தவர்கள் போட்டுத் தந்த வழியில்தான் நாமும் பிழைப்புத் தேடி வந்தோம்.