வளைந்து கொடுக்காத பியானோ

மேலை நாட்டு இசையில் 'பியானோ மூவர்' என்றொரு குழு உண்டு. பெயரைக் கேட்டதும் மேடையில் மூன்று பியானோக்கள் வரிசையாக நிற்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பியானோ ஒன்றுதான். அதனுடன் ஒரு வயலின், ஒரு செல்லோ. செல்லோ என்பது வயலினின் பெரிய அண்ணன். நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வைத்து வாசிக்க வேண்டிய அளவுக்குப் பெரியது. இந்த மூவருக்கும் முன்னால் நின்று கோல் அசைக்கும் நடத்துநர் கிடையாது. ஒலிபெருக்கியும் கிடையாது. சில நூறு பேர் அமரும் அரங்கில் வாசிப்பார்கள். இதற்கு 'அறை இசை' என்று பெயர். முன்பெல்லாம் பிரபுக்களின் மாளிகை அறைகளில் வாசிக்கப்பட்டதால் வந்த பெயர் அது.

2016இல் டோக்கியோவில், சண்டோரி அரங்கின் அறை இசைப் பயிற்சிக்கூடத்தில் மூன்று இளங்கலைஞர்கள் இப்படி ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். பியானோ வாசிப்பவர் அகிமோட்டோ, வயலின் ஒகாவா, செல்லோ இட்டோ. மூன்று பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'அவோய் மூவர்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அ, ஒ, இ என்று நீங்களே சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்! இரண்டே ஆண்டுகளில், 2018இல், ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் நடந்த பன்னாட்டு இசைப் போட்டியில் பியானோ மூவர் பிரிவின் முதல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

ஜெர்மன் வானொலி நிறுவனங்கள் 1952 முதல் நடத்தி வரும் போட்டி அது. ஒவ்வோர் ஆண்டும் சில கருவிகளுக்கு மட்டுமே அதில் இடம். பியானோ மூவருக்கு 2013இல் ஒருமுறை வாய்ப்பு வந்தது. அடுத்து 2018இல், அதற்கடுத்து 2023இல். இந்த முறை தவறினால் அடுத்ததற்கு ஐந்து ஆண்டுகள். அதற்குள் குழுவே கலைந்துவிடலாம். பரிசு பெற்றவர்களுக்கோ பல நாட்டு அரங்குகளின் கதவுகள் திறக்கும். இதை வைத்தே அந்த இளைஞர்களின் பிழைப்பு அமைகிறது.

சரி, இதில் விஞ்ஞானம் எங்கே வந்தது என்று கேட்கிறீர்களா? அந்த மூவரும் நாள்தோறும் மணிக்கணக்கில் பயிற்சி செய்வது எதற்காக? ஒவ்வொருவரும் தத்தம் பகுதியைத் தவறின்றி வாசிப்பதற்காக மட்டும் அன்று. அதை அவர்கள் முன்பே கற்றிருப்பார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு வகைக் கருவிகளை ஒத்துப்போக வைப்பதே அவர்களுடைய பெரிய வேலை. அந்தப் பொருத்தமின்மையைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

பன்னிரண்டாம் மூலம்

வயலினின் ஒரு தந்தியை விநாடிக்கு 440 அதிர்வுகள் வருமாறு முறுக்குவதாக வைத்துக்கொள்வோம். அதையே 'ச' என்போம். இதற்குப் பொருத்தமான 'ப' ஒன்றரை மடங்கு, அதாவது 660 அதிர்வுகள். 3 : 2 என்ற இந்த எளிய விகிதம் காதுக்கு மிக இனிமையானது. வயலின் கலைஞர் தம் நான்கு தந்திகளையும் இந்த விகிதத்தில்தான் கூட்டிக்கொள்கிறார். அந்தர காந்தாரத்துக்கு 5 : 4 என்ற விகிதம், 550 அதிர்வுகள்.

பியானோ அப்படிச் செய்ய முடியாது. அதில் 88 கட்டைகள். எந்தக் கட்டையை 'ச' என்று எடுத்துக்கொண்டாலும் இசை ஓரளவு சரியாக ஒலிக்க வேண்டும். ஆகவே ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு படியும் முந்தியதைப் போல 1.05946 மடங்கு. இது 2இன் பன்னிரண்டாம் மூலம். மடக்கை அட்டவணை கையில் இருந்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 'ப' ஏழாவது படி. 1.05946ஐ ஏழு முறை பெருக்கினால் 1.4983 வரும், 1.5 வராது. எனவே பியானோவின் 'ப' 659.26 அதிர்வுகள். காந்தாரம் நான்காவது படி, அது 554.37இல் போய் நிற்கிறது. 550க்கும் இதற்கும் நாலரைக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம்.

'இவ்வளவுதானே, யாருக்குத் தெரியப்போகிறது?' என்று தோன்றும். உங்கள் இயற்பியல் பாடத்தில் 'விம்மல்கள்' என்று ஒரு பகுதி படித்திருப்பீர்கள். ஏறக்குறைய சமமான இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்து ஒலிக்கும்போது, வித்தியாசம் எத்தனையோ அத்தனை முறை விநாடிக்கு ஒலி ஏறி இறங்கும். வயலின் 550இல் நின்று, பியானோவும் அதே சுரத்தை 554.37இல் ஒலித்தால், விநாடிக்கு நான்கு தடவைக்கு மேல் ஒலி துடிக்கும். சங்கீதம் அறியாதவர்கூட 'ஏதோ சரியில்லை' என்பார்.

யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். பியானோ வாசிப்பவரால் முடியாது. அவருடைய சுரங்கள் சுமார் 230 தந்திகளில், ஏறத்தாழ 20 டன் மொத்த இழுவிசையில், இரும்புச் சட்டத்தின் மேல் கட்டுண்டு கிடக்கின்றன. ஆகவே வில் பிடித்தவர்கள் இருவரும்தான் விரலைத் துளி நகர்த்த வேண்டும். ஆனால் எப்போதும் அல்ல! பியானோ ஓய்ந்து, வயலினும் செல்லோவும் மட்டும் தனித்துப் பாடும் இடங்களில் அவர்கள் 550ஐயே விரும்புவார்கள், அதுதானே இனிமை? நாலு வரி கழித்துப் பியானோ மீண்டும் நுழையும். அந்தக் கணத்துக்குள் இருவரும் சேர்ந்து நகர்ந்தாக வேண்டும். எந்த இடத்தில் நகர்வது, எவ்வளவு நகர்வது என்பதை வரிக்கு வரி பேசி முடிவு செய்கிறார்கள். ஒரே பக்கத்துக்கு அரை நாள் ஆவதும் உண்டு. வில்லிசைக் கலைஞர்கள் விரலை அசைத்து விநாடிக்கு ஐந்தாறு முறை கமகம்போலச் சுரத்தை ஆட்டுவது இங்கே ஒரு வசதி. ஆடும் சுரத்தில் சிறு பிசகு மறைந்துபோகும். என்றாலும் நல்ல குழுக்கள் அதை ஒரு போர்வையாகப் பயன்படுத்துவதில்லை.

செல்லோவின் அடித்தந்தியிலும் இதே சிக்கல். 220 அதிர்வுள்ள மேல் தந்தியிலிருந்து 3 : 2 விகிதத்தில் மூன்று படி இறங்கினால் 65.19 வரும். பியானோவின் அதே சுரமோ 65.41. கால் அதிர்வுகூட வித்தியாசம் இல்லை. ஆனால் மேற்சுரங்களில் அது பெருகும். எட்டாவது மடங்கில் ஏறக்குறைய 1.8 ஆகிவிடும். அதனால் செல்லோக்காரர்கள் பலர் அந்த ஒரு தந்தியை மட்டும் நேரே பியானோவைக் கேட்டுக் கூட்டிக்கொள்கிறார்கள்.

கல்கத்தாவில் ஓர் ஓநாய்

இங்கே நம் நாட்டு விஞ்ஞானி ஒருவரைச் சந்திப்போம். திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமன்தான் அவர். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் உலகப் புகழ் பெற்றது ஒலியியலில். பகலில் அரசாங்க நிதித்துறை வேலை. மற்ற நேரத்தில் கல்கத்தாவின் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி.

வில் தந்தியின் மேல் செல்லும்போது என்ன நடக்கிறது? வில்லில் உள்ள குதிரைவால் முடியில் பிசின் தடவியிருக்கும். தந்தி அதில் ஒட்டிக்கொண்டு வில்லுடன் நகரும், தாங்க முடியாமல் வழுக்கித் திரும்பும், மீண்டும் ஒட்டும். 440 அதிர்வுள்ள தந்தியில் இந்த ஒட்டலும் வழுக்கலும் விநாடிக்கு 440 முறை! ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் முதலில் கண்டறிந்த இந்த இயக்கத்துக்கு விரிவான கொள்கை வகுத்து 1918இல் நூலாக வெளியிட்டார் இராமன்.

அதற்கு முன்பே, 1916இல், அவர் ஒரு 'ஓநாயை'யும் பிடித்திருந்தார். செல்லோவில் ஏதேனும் ஒரு சுரத்தைத் தொட்டால் ஒலி திக்கித் திணறி உறுமும். அதற்கு ஓநாய்ச் சுரம் என்று பெயர். செல்லோவின் மரப்பெட்டிக்கு இயல்பாகவே ஓர் அதிர்வெண் உண்டு. வாசிக்கும் சுரம் அதை ஒத்துவிட்டால், ஒத்ததிர்வினால் பெட்டி பலமாக அதிர்ந்து தந்தியின் சக்தியை உறிஞ்சிக்கொள்ளும். தந்தி தளரும், பெட்டி ஓயும், தந்தி மறுபடி எழும். இதுவே அந்த உறுமல் என்று இராமன் விளக்கினார். இன்றும் செல்லோக்காரர்கள் குதிரைக்குக் கீழே தந்தியில் ஒரு சிறு எடையை மாட்டி ஓநாயை அடக்கி வைக்கிறார்கள். 1920இல் பானர்ஜி என்பவருடன் சேர்ந்து பியானோச் சுத்தி தந்தியைத் தாக்கும் விதத்தையும் இராமன் ஆராய்ந்தார். ஆக, பியானோ மூவரின் கருவிகளில் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை!

முதலில் தொடங்குவது யார்?

அந்தச் சுத்தியிலிருந்துதான் இரண்டாவது தகராறு பிறக்கிறது. கட்டையை அழுத்தினால் கம்பளிச் சுத்தி தந்தியை அடித்துவிட்டு, சில மில்லி விநாடிகளில் விலகிவிடும். ஒலி உடனே உச்சத்துக்குப் போய், அப்போதிருந்தே தேயத் தொடங்கும். அதன்பின் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் சுரம் பெரிதாகாது. வில்லின் சுரமோ மெல்லப் பிறக்கும். வேண்டிய மட்டும் வளரும். ஆகவே மூவரும் 'ஒரே நேரத்தில்' தொடங்கினால் காதுக்கு ஒரே நேரமாகத் தோன்றாது. வில் ஒரு நொடிப் பிசிறு முந்த வேண்டும்.

எவ்வளவு முந்துவது? ராஷ் என்ற நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் மூவர் குழுக்களின் வாசிப்பை அளந்து 1979இல் வெளியிட்டார். ஒரே கணத்தில் ஒலிக்க வேண்டிய சுரங்கள் நடைமுறையில் சுமார் 30 முதல் 50 மில்லி விநாடி வரை சிதறியிருந்தன. தேர்ந்த கலைஞர்களிடமே இப்படித்தான்! ஒலி காற்றில் மூன்று மீட்டர் கடப்பதற்கே 9 மில்லி விநாடி ஆகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் வயலினும் செல்லோவும் அவையோரைப் பார்த்திருக்க, பியானோ பின்னால் இருக்கும். கண்ணால் பார்த்து எல்லாவற்றையும் பொருத்த முடியாது. ஒருவர் மூக்கால் இழுக்கும் மூச்சே மற்றவர்களுக்குச் சைகை. ஒலிப்பதிவுகளைக் காதொலிப்பானில் கேட்டால், சுரத்துக்கு முன்னே அந்த மூச்சும் சில சமயம் கேட்கும்.

சுரத்தில் விட்டுக்கொடுக்க முடியாத பியானோ, இதற்கெல்லாம் ஈடாக ஒலியின் அளவில் விட்டுக்கொடுக்கிறது. ஹைடன் மூவரிசை எழுதிய 18ஆம் நூற்றாண்டில் பியானோ மரச்சட்டத்துடன் மெல்லிய குரலில் ஒலித்தது. செல்லோ அதன் அடிச்சுரத்துக்குத் துணை போயிற்று. 1825இல் பாஸ்டன் நகரின் பாப்காக் ஒரே வார்ப்பு இரும்புச் சட்டத்துக்கு உரிமம் பெற்றார். பின்னர் இழுவிசை ஏறியது, குரலும் ஏறியது. இன்றைய கச்சேரிப் பியானோவின் எடை அரை டன்னுக்குச் சற்றே குறைவு. அது நினைத்தால் இரண்டு வில்களையும் மூழ்கடித்துவிடும். பியானோக்காரர் இரவு முழுவதும் தம் பலத்தை அடக்கியே வாசிக்க வேண்டியிருக்கிறது. எனக்குக் கேட்டால், மூவரில் கடினமான வேலை அவருடையதே.

போதாக்குறைக்கு அவர் தம் பியானோவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகவும் முடியாது. வயலின் கைப்பெட்டியாக விமானத்தில் ஏறிவிடும். செல்லோவுக்குத் தனியாக ஒரு பயணச்சீட்டு வாங்கி இருக்கையில் உட்கார வைத்து வார்ப்பட்டை போடுகிறார்கள். பியானோ மட்டும் ஊருக்கு ஊர் புதிது. ஓர் அரங்கில் அது 440இல் கூட்டப்பட்டிருக்கும். ஐரோப்பிய அரங்குகள் பலவற்றில் 442 அல்லது 443. குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கினால் காற்று உலர்ந்து மரம் சுருங்கும், சுருதி நகரும். பிற்பகலில் வெற்று அரங்கில் பார்த்துவைத்த ஒலிச் சமநிலை, மாலையில் ஆட்கள் நிறைந்ததும் மாறிவிடும். மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுகின்றன அல்லவா? பயிற்சி அறையில் செய்த முடிவுகள் அத்தனையையும் ஒவ்வோர் ஊரிலும் ஒரு மணி நேரத்துக்குள் திருத்தியாக வேண்டும். பன்னாட்டுக் குழு என்று பெயர் எடுப்பது இந்தத் திறமையால்தான். அவோய் மூவர் முதல் பரிசை வாங்கிய பின்னும் ம்யூனிக் இசைக் கல்லூரியில் மாணவர்களாக இருந்து அறை இசை பயின்றதில் வியப்பில்லை.

இந்த வேலை எவ்வளவு காலம் நீடிக்கலாம் என்பதற்கு 'போ ஆர்ட்ஸ் மூவர்' ஓர் எடுத்துக்காட்டு. 1955இல் அமெரிக்காவின் டாங்கிள்வுட் விழாவில் தொடங்கி 2008 வரை வாசித்த குழு அது. நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய மெனகெம் பிரஸ்லர் என்பவர் 53 ஆண்டுகளும் அதன் பியானோக்காரர். அந்தக் காலத்தில் ஐந்து வயலின் கலைஞர்களும் மூன்று செல்லோக் கலைஞர்களும் அவருடன் மாறி மாறி அமர்ந்தார்கள். ஒவ்வொரு முறையும் 550, 554 என்ற பேச்சு முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.

வாய்ப்புக் கிடைத்தால் ஷூபர்ட் 1827இல் இயற்றிய பியானோ மூவரிசை ஒன்றின் இரண்டாம் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். இ-பிளாட் என்ற சுருதியில் அமைந்தது. முதலில் செல்லோ ஒரு மெட்டைப் பாடும். பியானோ அடியெடுத்துத் துணை வரும். பிறகு அதே மெட்டைப் பியானோ எடுத்துக்கொள்ளும். செல்லோவில் ஒவ்வொரு நெடிய சுரமும் எப்படி நிற்கிறது, பியானோவில் அதே சுரம் எப்படித் தேய்கிறது என்று கவனியுங்கள். தேய்ந்துபோன சுரத்தின் கடைசி ஒலி எவ்வளவோ, அந்த அளவிலேயே அடுத்த சுரத்தைப் பியானோக்காரர் மெல்லத் தொடங்குகிறாரா என்றும் பாருங்கள்.