எச்டிஎல்லை ஏத்தினா போதுமா?

பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்டில் எல்டிஎல் ‘கெட்ட கொலஸ்ட்ரால்’, எச்டிஎல் ‘நல்ல கொலஸ்ட்ரால்’னு எல்லாருக்கும் தெரியும். அப்போ நல்லதை ஏத்திட்டா இதயம் பத்திரமா இருக்கும், இல்லையா? மருந்து கம்பெனிகளும் அப்படித்தான் நினைச்சாங்க.

எச்டிஎல் என்பது கொலஸ்ட்ராலை ஏற்றிச் செல்லும் வண்டி மாதிரி. புரதமும் கொழுப்பும் சேர்ந்த ரொம்பச் சின்ன துகள். ரத்தக்குழாய்ச் சுவரில் தேங்கும் கொலஸ்ட்ராலை எடுத்துக் கல்லீரலுக்குக் கொண்டுபோவது இதன் முக்கிய வேலை. ரிப்போர்ட்டில் வரும் நம்பர், வண்டிகளில் எவ்வளவு சரக்கு இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். வேலை ஒழுங்கா நடக்குதான்னு அதுக்குத் தெரியாது.

எச்டிஎல் குறைவா இருக்கிறவங்களுக்கு இதய நோய் அதிகம்னு 1977-ல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு காட்டியது. பிறகு ஃபைசர் நிறுவனம் எச்டிஎல்லை ஏத்த டார்செட்ரபிப் என்ற மருந்தை உருவாக்கியது. சுமார் 15,000 பேரிடம் நடந்த சோதனையில் எச்டிஎல் 72 சதவீதம் ஏறியது. எல்டிஎல்கூட 25 சதவீதம் குறைந்தது. ஆனா மருந்து சாப்பிட்ட குழுவில் இறப்புகள் அதிகமாகி, 2006 டிசம்பரில் சோதனையையே நிறுத்திட்டாங்க. 2012-ல் டால்செட்ரபிப் என்ற இன்னொரு மருந்தும் எச்டிஎல்லை ஏத்தியது, மாரடைப்பைக் குறைக்கல. அதே வருஷம் வந்த ஒரு மரபணு ஆய்வில், பிறவியிலேயே எச்டிஎல்லைக் கூட்டுற ஒரு ஜீன் மாற்றம் உள்ளவங்களுக்கும் மாரடைப்பு குறையல.

பெட்ரோல் மீட்டர் முள்ளை விரலால் தள்ளினா டேங்க் நிரம்பாது. அதே கதைதான் இங்கேயும்.

அப்போ எச்டிஎல் ஏன் குறையுது? இன்சுலின் சரியா வேலை செய்யாதப்போ, கல்லீரல் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை ரத்தத்தில் அதிகமா அனுப்பும். அது எச்டிஎல்லுக்குள் ஏற, உள்ளே இருந்த கொலஸ்ட்ரால் வெளியே போகும். இப்படி மாறிய துகளை உடம்பு சீக்கிரமே அகற்றிடும். டார்செட்ரபிப் தடுத்தது இந்தக் கொடுக்கல் வாங்கலை மட்டும்தான். மூலப் பிரச்சினை அப்படியேதான் இருந்தது.

இது நமக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் ஐசிஎம்ஆர் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், 72 சதவீதம் பேருக்கு எச்டிஎல் குறைவு.

அதனால ரிப்போர்ட்டில் எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே இருந்தா, அதைத் தனியா பார்க்காதீங்க. டிரைகிளிசரைடு 150, வெறும் வயிற்று சுகர் 100, பிபி 130/85, இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 - இந்த அளவுகளையும் பாருங்க. எச்டிஎல்லோடு சேர்த்து இந்த ஐந்தில் மூணு எல்லை தாண்டியிருந்தா, அதுதான் மெட்டபாலிக் சிண்ட்ரோம். சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம்னு அர்த்தம். உடனே டாக்டரைப் பாருங்க.

தினமும் நடக்கிறது, தொப்பையைக் குறைக்கிறது, சிகரெட்டை விடுறது எல்லாம் எச்டிஎல்லைக் கொஞ்சம்தான் ஏத்தும். ஆனா நம்பருக்குப் பின்னாடி இருக்கிற காரணத்தைச் சரி பண்றது அதுங்கதான்.