ஆயில் சேம்பருக்குக் காந்த பிளக் போடலாமா?



காரோ ஜீப்போ டிராக்டரோ, ஏதாவது ஒரு வண்டி இன்றைக்குப் பல விவசாயிகள் வீட்டில் நிற்கிறது. ஆயில் மாற்றப் போகிற இடத்தில், "காந்தம் வைத்த பிளக் வந்திருக்கு, மாட்டிக்குங்க, எஞ்சினுக்கு ஆயுசு கூடும்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சில நூறு ரூபாய் விலை. வாங்கலாமா, வேண்டாமா என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் என் மைத்துனர் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவரிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. தினமும் வாய்க்கால் கரை மண் பாதையில் காய்கறி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிற வண்டி. காந்த பிளக்கைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, வாங்கி மாட்டினார். ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றும்போதும் அதைக் கழற்றிக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவார். நுனியில் கறுப்பாக, மை மாதிரி, மீசை மீசையாக இரும்புத்தூள் ஒட்டியிருக்கும். "பாருங்க மாமா, எவ்வளவு பிடிச்சிருக்கு! இது இல்லேன்னா இத்தனையும் எஞ்சினுக்குள்ளே சுத்தியிருக்கும்" என்பார். தடவைக்குத் தடவை மீசை பெரிதாகிக்கொண்டே வந்தது. அவருக்கும் தடவைக்குத் தடவை சந்தோஷம்.

இரண்டாவது வருஷம் வண்டி புகை தள்ள ஆரம்பித்தது. ஆயிலையும் சாப்பிட்டது. எஞ்சினைப் பிரித்த மெக்கானிக், ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாயைக் கையில் எடுத்து மடக்கிக் காட்டினார். அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. "அண்ணே, இத்தனை நாளா வண்டி மண்ணைத்தான் தின்னிருக்கு. காந்தம் மண்ணைப் பிடிக்குமா?" என்று கேட்டார். என் மைத்துனரிடம் பதில் இல்லை. லைனர், ரிங், பிஸ்டன் எல்லாம் புதிதாகப் போட வேண்டி வந்தது.

அந்த மெக்கானிக் கேட்ட கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. சின்ன வயசில் ஆற்று மணலில் காந்தத்தைப் போட்டு இழுத்து விளையாடியிருப்பீர்கள். கறுப்பு மணல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளை மணல் ஒரு பொடி கூட ஒட்டாது. ரோட்டுப் புழுதியில் பெரும்பகுதி அந்த வெள்ளை மணலின் இனம்தான். அது இரும்பை அறுக்கும் அளவுக்குக் கடினமானது. காற்றோடு சிலிண்டருக்குள் போனால், லைனருக்கும் ரிங்குக்கும் நடுவில் உப்புத்தாள் போல நின்று தேய்க்கும். அப்படித் தேய்ந்து விழுந்த இரும்பைத்தான் பிளக் பிடித்தது. தேய்த்த மண்ணை அது தொடவே இல்லை. மைத்துனர் பார்த்து மகிழ்ந்ததெல்லாம் வண்டி போட்ட ஓலம்.

எஞ்சினுக்குள் தேய்கிற உலோகம் எல்லாமே இரும்பும் இல்லை. லைனர், ரிங், கேம் ஷாப்ட், டேப்பெட், டைமிங் செயின் இவை இரும்பு, எஃகு வகை. இவற்றின் தூள் காந்தத்தில் ஒட்டும். பிஸ்டன் அலுமினியம், அது ஒட்டாது. கிராங்க் ஷாப்டைத் தாங்குகிற பேரிங்குகளின் மேல் பூச்சு ஈயம், தகரம், செம்பு, அலுமினியம் என்று கலவைகளில் இருக்கும். அதுவும் ஒட்டாது. பேரிங் போய்விட்டால் எஞ்சினே போன மாதிரி. அதைப் பற்றிக் காந்தம் நமக்கு ஒரு வார்த்தை சொல்லாது. ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் பொன் நிறத்தில் மினுமினுவென்று தெரிகிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

சரி, இரும்புத்தூளையாவது பிடிக்கிறதே, அது லாபம்தானே என்று கேட்பீர்கள். கொஞ்சம் லாபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கார் எஞ்சினில் ஏற்கெனவே ஒரு ஆயில் பில்டர் இருக்கிறது. சேம்பரிலிருந்து பம்பு உறிஞ்சுகிற ஆயில் முதலில் பில்டருக்குள் போய், வடிகட்டிய பிறகுதான் பேரிங்குக்குப் போகிறது. நம் தலைமயிரின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. சாதாரண பில்டர் 20, 30 மைக்ரானுக்கு மேற்பட்ட தூளில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். அதற்குச் சின்னதில் ஒரு பகுதி தப்பித்துப் போகும். பேரிங்கில் ஓடுகிற ஆயில் படலத்தின் கனமே சில மைக்ரான்தான். அதனால் அந்தப் பொடித்தூளும் தேய்மானத்தைக் கொடுக்கும்.

இந்த இடத்தில்தான் காந்த பிளக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பில்டரில் தப்பித்த பொடி இரும்பில் கொஞ்சத்தைக் காந்தம் பிடித்து வைத்துக்கொள்ளும். பில்டர் அடைத்துப்போனாலோ, குளிர்ந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, ஆயில் வராமல் எஞ்சின் கெட்டுவிடக்கூடாது என்று உள்ளே ஒரு வால்வு திறந்துகொள்ளும். அப்போது வடிகட்டாத ஆயில் அப்படியே போகும். அந்த நேரத்திலும் காந்தம் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் காந்தத்தின் இழுப்பு தூரம் போகப்போகச் சட்டென்று குறைந்துவிடும். பிளக்கோ சேம்பரின் அடியில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. தன் பக்கத்தில் வருகிற தூளைத்தான் அது பிடிக்கும். ஓடுகிற ஆயில் முழுவதையும் அது பார்ப்பதில்லை. ஆக, நேரத்துக்கு ஆயில் மாற்றி, நல்ல பில்டர் போட்டு, ஏர் கிளீனரைச் சுத்தமாக வைத்திருக்கிற கார் எஞ்சினுக்கு இது கூடுதலாகத் தருகிற ஆயுசு மிகச் சொற்பம் என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் இதே பிளக்கை கியர் பாக்ஸில் போட்டால் கதை வேறு. பெரும்பாலான கார், ஜீப்புகளின் சாதாரண கியர் பாக்ஸிலும், பின் ஆக்சில் ஹவுசிங்கிலும் பில்டர் என்பதே கிடையாது. பல்லும் பல்லும் உரசி விழுகிற தூள் எல்லாம் எஃகு. ஆயிலையோ வருஷக்கணக்கில் மாற்றமாட்டோம். அங்கே அந்தத் தூளை ஒரு பக்கமாக ஒதுக்கிவைக்கக் காந்தத்தைத் தவிர வேறு ஆள் இல்லை. ஆட்டோமேட்டிக் கியர் உள்ள கார்களில் பலவற்றின் ஆயில் தட்டில் கம்பெனியிலேயே காந்தம் வைத்து அனுப்புவதற்கும் இதுதான் காரணம்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1959-இல் இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 'மினி' என்ற சின்னக் காரைக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், இடத்தை மிச்சம் பிடிக்க, கியர் பாக்ஸை எஞ்சினுக்கு அடியில் ஆயில் சேம்பருக்குள்ளேயே வைத்துவிட்டார். இரண்டுக்கும் ஒரே ஆயில். கியர் பல்லின் தூள் எஞ்சின் ஆயிலில்தான் விழும். அதனால் அந்தக் காரின் டிரெயின் பிளக் காந்த பிளக்காகவே வந்தது. அதே கம்பெனி உருவாக்கிய 1489 சி.சி. எஞ்சின்தான் நம்ம ஊர் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடியது. அதில் கியர் பாக்ஸ் தனி, ஆயிலும் தனி. நம்முடைய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை மினி மாதிரிதான். எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். அப்படிப்பட்ட வண்டிக்குக் காந்த பிளக் வாங்குகிறவரை நான் தடுக்கமாட்டேன்.

காந்தத்தால் இன்னொரு உபயோகம், அது துப்புச் சொல்லும். ஹெலிகாப்டர் கியர் பாக்ஸில் ஒரு காந்தம் இருக்கும். இரும்புச் சில் ஒட்டினால் விமானி முன்னால் விளக்கு எரியும். நமக்கு விளக்கு வேண்டாம், ஒரு வெள்ளைத் தாள் போதும். ஆயில் மாற்றும்போது பிளக் நுனியில் இருப்பதைத் தாளில் துடைத்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விரலில் தேய்த்தால் விபூதி போல நைசாக இருந்தால் பயமில்லை. புது எஞ்சினிலும், புதிதாக ரிங் போட்ட எஞ்சினிலும் முதல் ஆயிலில் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். ஊசி போலவோ செதில் போலவோ கையில் குத்தினால் வண்டியை நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். போன தடவையை விட இந்தத் தடவை மீசை பெரிசாக இருந்தாலும் கேள்வி கேட்க வேண்டும். முதல் கேள்வி ஏர் கிளீனர்.

காசு செலவழிக்க மனசில்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கெட்டுப்போன ரேடியோவின் ஸ்பீக்கரில் வட்டமாக ஒரு காந்தம் இருக்கும். அதை பாலிதீன் பையில் சுற்றி, வடித்த பழைய ஆயில் ஆறிய பிறகு உள்ளே விட்டுக் கலக்கி எடுங்கள். ஒட்டியது தெரியும். பையை உருவிவிட்டால் காந்தம் சுத்தம். பார்த்து முடித்த ஆயிலை வரப்பிலோ வாய்க்காலிலோ ஊற்றிவிடாதீர்கள். பழைய ஆயில் எடுக்கிறவரிடம் கொடுங்கள்.

பிளக் வாங்குவதென்றே முடிவு செய்தால் இவற்றைக் கவனியுங்கள். காந்தம் வெறும் பசையில் ஒட்டியிருக்கக்கூடாது; உலோகத்துக்குள் இறுக்கி, விளிம்பு மடித்திருக்க வேண்டும். கழன்று விழுந்தால் சேம்பருக்குள் அதை யார் தேடுவது? பழைய பிளக்கையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மரையும் நீளமும் ஒன்றா பாருங்கள். நீளம் கூடினால் உள்ளே இடிக்கும். மரை மாறினால் அலுமினிய சேம்பரின் மரை போய்விடும். கையாலேயே நாலைந்து சுற்று சுலபமாக ஏறவேண்டும், பிறகுதான் ஸ்பேனர். வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

சூட்டையும் கவனிக்க வேண்டும். இப்போது வருகிற பலமான காந்தங்களில் நியோடிமியம் வகை உண்டு. அதில் சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் பலம் இழக்க ஆரம்பிக்கும். நீண்ட தூரம் ஓடிய எஞ்சினில் ஆயில் 100 டிகிரியைத் தொடும். சூடு தாங்குகிற உயர்ந்த ரகங்களும் உண்டு. ஆனால் கண்ணால் பார்த்து வித்தியாசம் தெரியாது. வீட்டிலேயே சோதிக்கலாம். பிளக் எத்தனை சின்ன ஆணியைத் தூக்குகிறது என்று முதலில் எண்ணுங்கள். அரை மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, ஆறவைத்து, மறுபடி எண்ணுங்கள். பாதியாகக் குறைந்திருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

என் மைத்துனர் எஞ்சின் வேலை முடிந்த பிறகும் அந்தக் காந்த பிளக்கைத் தூக்கி எறியவில்லை. அதையேதான் மாட்டியிருந்தார். புது ரப்பர் குழாய் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப்பை முறுக்கிய பிறகு, அடுத்தடுத்த ஆயில் மாற்றத்தில் மீசை சின்னதாகிக்கொண்டே வந்தது. துடைத்த தாள்களை மாட்டுக் கொட்டகைச் சுவரில் வரிசையாக ஒட்டிவைத்திருந்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "இப்ப ஒண்ணுமே பிடிக்க மாட்டேங்குது மாமா" என்று சிரித்தார்.