அஸ்தினாபுரம் டூ நந்தனம்: 2 நோட்டு, 4 பேர், எத்தனை புத்தகம்?
மிளகாய் பஜ்ஜியில் கரையும் பணம்!

சென்னை, ஜன.— புத்தகக் கண்காட்சி சீசன் வந்து விட்டால் புறநகர் வீடுகளிலும் திருவிழா பேச்சுதான். "இந்த ஞாயித்துக்கிழமை கட்டாயம் போறோம்" என்று குழந்தைகள் நச்சரிப்பார்கள். குடும்பத் தலைவருக்கோ பர்ஸ் கவலை!

அஸ்தினாபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் குமாஸ்தா குடும்பம் ஒன்று கிளம்புவதாக வைத்துக் கொள்வோம். கையில் இரண்டு 500 ரூபாய் நோட்டு. பிளஸ்-2 படிக்கும் மகளுக்கு நீட் பரீட்சை புத்தகம். மூன்றாம் வகுப்பு பையனுக்கு படக்கதை. அம்மாவுக்கு நாவல். அப்பா மட்டும், "எனக்கு ஒண்ணும் வேணாம்மா" என்பார்.

22 கடையில் தொடங்கியது

1977-ம் ஆண்டு அண்ணா சாலை மதரசா-இ-ஆசம் பள்ளி வளாகத்தில் 22 கடைகளுடன் தொடங்கிய கண்காட்சி இது. நடத்துவது 'பபாசி' என்கிற புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கம். 2024-ம் ஆண்டு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சுமார் 900 கடைகள் போடப்பட்டன.

போவது எப்படி? குரோம்பேட்டை வரை டவுன் பஸ். 2021 மே மாதம் முதல் சாதாரண பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அங்கிருந்து மின்சார ரெயிலில் கிண்டி. பிறகு மெட்ரோவில் மூன்றாவது ஸ்டேஷன் நந்தனம். ஞாயிற்றுக்கிழமை மின்சார ரெயில்கள் குறைவு. நேரம் பார்த்து கிளம்புவது நல்லது.

எங்கே போனது பணம்?

போக வர 100 ரூபாய் என்று வையுங்கள். மைதானத்துக்குள் மிளகாய் பஜ்ஜி, டெல்லி அப்பளம் வாசனை ஆளைத் தூக்கும். அங்கே 200 ரூபாய் போனால் மிச்சம் 700. எல்லா புத்தகத்துக்கும் 10 சதவீத தள்ளுபடி உண்டு. ஆக, சுமார் 775 ரூபாய் விலை போட்ட புத்தகம் வாங்கலாம். பஜ்ஜிக்கு பதில் வீட்டில் இருந்து புளிசாதம் கட்டி வந்தால் பையனின் படக்கதை காப்பாற்றப்படும்!

முதல் கடையிலேயே பணத்தை நீட்டாதீர்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாட்டுடைமை ஆன நூல். யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதனால் ஒரே நாவல் கடைக்கு கடை வேறு வேறு விலையில் கிடைக்கும். விலை மலிவு என்று அவசரப்படாமல் எழுத்து அளவையும் காகிதத்தையும் புரட்டிப் பாருங்கள். வெளியே நடைபாதையில் பழைய புத்தகக் கடைகளும் உண்டு. அங்கே பேரம் பேசலாம்.

ஜாக்கிரதை!

கூட்டத்தில் பின் பாக்கெட்டில் பர்ஸ் வைக்காதீர்கள். ஜேப்படி ஆசாமிகளுக்கு நெரிசல்தான் மூலதனம். சின்னப் பிள்ளைகளின் சட்டைப் பையில் செல்போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். "காணாமப் போனா இந்த இடத்துல வந்து நில்லு" என்று உள்ளே நுழைந்ததும் ஒரு அடையாளம் காட்டி விடுங்கள்.

மழை பெய்தால் விசாரித்து விட்டு புறப்படுங்கள். 2024 ஜனவரி 8-ந் தேதி மழையால் ஒருநாள் விடுமுறை விடப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல பதிப்பகங்களின் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக நனைந்து வீணாயின. தள்ளிப்போன கண்காட்சி 2016 ஜூனில் தீவுத்திடலில் நடந்தது.

ஏற்கனவே கொடுத்த பணம்

சரி, நீட் புத்தகம் ஒன்றே 700 ரூபாயை விழுங்கி விட்டால்? அம்மாவின் நாவலும் பையனின் படக்கதையும் அம்போதானா? இல்லை. அஸ்தினாபுரம் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்த ஊர். சொத்து வரி ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. 1948-ம் ஆண்டு நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு இது. வீட்டுக்காரர் கட்டினாலும் வாடகையில் அதுவும் சேர்ந்துதானே வருகிறது!

ஆகவே பணம் பத்தாத புத்தகங்களின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கொள்ளுங்கள். மறுநாள் மாலை கிளை நூலகத்தில் சீட்டை நீட்டுங்கள். நாவலும் படக்கதையும் அங்கே இருந்தால் செலவு சந்தா மட்டும்தான். இல்லை என்றால், "வாங்கிப் போடுங்க சார்" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது!