அம்மாவின் விண்ணப்பத்தை அம்மா படிக்கட்டும்

கடல் கடந்த பிள்ளைகள் - 9

பாஸ்போர்ட் கைக்கு வந்தாயிற்று. இனி விசா. அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்த்துவிட்டு வர, பெற்றோர் கேட்க வேண்டியது பி-1/பி-2 விசா. அதற்கான டி.எஸ்-160 விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான், நிரப்புவது ஆங்கிலத்தில். அதனால் நம் வீடுகளில் அதைப் பிள்ளைகளே நிரப்பிவிடுகிறார்கள். டல்லாஸில் இரவுச் சாப்பாடு முடிந்து மகன் லேப்டாப்பைத் திறக்கும்போது இங்கே காலை. வாட்ஸ்அப்பில் கேள்விகள் வந்து விழும்.

"அம்மா, தாத்தா பொறந்த தேதி என்ன?"

"அதையெல்லாம் யாரு கண்ணு எழுதி வெச்சாங்க?"

இருபது நிமிடம் தொடாமல் விட்டால் பக்கம் தானாக மூடிக்கொள்ளும். மகனுக்கு அவசரம். தெரிந்ததை எழுதி, தெரியாததை ஊகித்து, அனுப்பிவிடுகிறான். அம்மாவிடம் வந்து சேர்வது பார்கோடு போட்ட ஒரு தாள் மட்டும். தன் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே அவர் தூதரகக் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்கிறார். இது மாற வேண்டும். அதனால் இந்த வாரத்தின் பெரும்பகுதி இந்த விண்ணப்பத்துக்கே.

முதலில் சட்டம். அமெரிக்காவின் 1952-ம் ஆண்டுக் குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு. விசா கேட்டு வருகிறவர் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று அதிகாரி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று காட்டுவது விண்ணப்பதாரரின் பொறுப்பு. வேலைக்கான எச்-1பி விசாவில் போன மகனுக்கு இந்தச் சந்தேகத்திலிருந்து சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. அவனைப் பார்க்கப் போகும் அம்மாவுக்கு அந்த விலக்கு கிடையாது. அறுபது வயதுவரை ஊரைவிட்டு நகராத ஒரு பெண்மணி, "நான் திரும்பி வந்துவிடுவேன்" என்று நிரூபிக்க வேண்டியிருப்பது மனத்தைச் சங்கடப்படுத்துகிறது. ஆனாலும் கேள்வி அதுதான். கேள்வி தெரிந்துவிட்டால் எதைச் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மகனின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, அழைப்புக் கடிதம் என்று கட்டுக்கட்டாகக் கொண்டுபோகிறார்கள். அழைப்புக் கடிதம் தேவையே இல்லை என்கிறது அமெரிக்க வெளியுறவுத் துறை. அங்கே இருக்கும் உறவினர் தரும் உத்தரவாதத்தை வைத்து விசா தருவதில்லை; விண்ணப்பதாரருக்குத் தன் ஊரில் இருக்கும் பிடிப்பைத்தான் பார்க்கிறார்கள். வீட்டுப் பத்திரமும், ஆடிட்டர் கொடுத்த சொத்து மதிப்புச் சான்றிதழும் ஃபைலிலேயே இருந்துவிட்டுத் திரும்புவது சகஜம். பேச்சு பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். விண்ணப்பத்தில் இருப்பதும் வாய் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்பது அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

கொங்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் அச்செடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தோம். தொழில் என்ற இடத்தில் 'ஹோம்மேக்கர்' என்று மகன் போட்டிருந்தார். அந்த அம்மா கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏனுங்க, நாலு மாடு வெச்சிருக்கறேன். காலையிலயும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊத்தறேன். பத்து நாளைக்கு ஒருக்கா பணம் வருது. இதெல்லாம் அதுல எழுத மாட்டாங்களா?" மகனுக்கு அது வேலையாகத் தோன்றவில்லை. உண்மையில் அவர் ஊர் திரும்புவதற்கு அந்த மாடுகளைவிடப் பெரிய காரணம் எது? போகும் மாதங்களில் மாட்டைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் ஒப்புக்கொண்டதுவரை அவரிடம் பதில் இருந்தது. யாரும் சொல்லிக் கொடுத்த பதில் அல்ல அது. தொழில் என்ற இடத்தைத் திருத்திவிட்டுத்தான் அனுப்பினோம். வயலும் மாடும் கடையும் வைத்துப் பிழைக்கிறவர்களின் உழைப்பை அவர்கள் பிள்ளைகளே 'சும்மா வீட்டில் இருக்கிறார்கள்' என்று எழுதிவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மனது கேட்கவில்லை.

இன்னும் சில இடங்களை அம்மாவோ அப்பாவோ கட்டாயம் காதால் கேட்க வேண்டும். உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று ஒரு கேள்வி உண்டு. மகன் குடியுரிமை பெற்று, கிரீன் கார்டுக்கான ஐ-130 மனுவை எப்போதோ போட்டு வைத்திருந்தால், பதில் 'ஆம்' என்பதுதான். மறைத்தாலும் அது அவர்கள் கணினியில் இருக்கும். முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வியும் அப்படியே. கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகளை 2019-ல் இருந்து கேட்கிறார்கள். பேரன் தொடங்கிக் கொடுத்த ஃபேஸ்புக் கணக்கும் அதில் சேரும்.

பெயர் நமக்கென்றே இருக்கும் சிக்கல். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நம் ஆட்களின் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருக்கும். டி.எஸ்-160 அதைக் காலியாக விட அனுமதிக்காது. பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் எழுதி, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று போட வேண்டும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. விசாவிலும் அப்படியே அச்சாகி வரும். பார்த்துப் பதற வேண்டாம். இனிஷியலை விரிப்பதா வேண்டாமா என்ற குழப்பம் வந்தால் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படி. தாய்மொழி எழுத்தில் முழுப் பெயரையும் கேட்கும் ஒரு கட்டம் அந்த விண்ணப்பத்தில் இருக்கிறது. அங்கே தமிழிலேயே எழுதுங்கள்.

பிள்ளை நிரப்பித் தருவதில் தவறில்லை. யாராவது உதவினார்களா என்று விண்ணப்பமே கடைசியில் கேட்கிறது. 'ஆம்' என்று சொல்லி உதவியவரின் பெயரைத் தர வேண்டும். ஆனால் கையெழுத்துக்குப் பதிலான அந்தப் பொத்தானை அழுத்த வேண்டியவர் விண்ணப்பதாரர். இதில் சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதி கொடுப்பது அம்மாதான். அனுப்பிய பிறகு பிழை கண்ணில் பட்டால் புதிதாக ஒன்று நிரப்பி, நேர்முகத்துக்குப் பதிவு செய்த இடத்திலும் புதிய எண்ணை மாற்ற வேண்டும். கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது ஏஜென்டுகள் சொல்லிக் கொடுக்கும் பாடம். "பொண்ணுக்குப் பிரசவம்னு சொல்லாதீங்க, நயாகரா பார்க்கப் போறோம்னு சொல்லுங்க." இதை நம்பிப் பலர் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். மகளின் பேறுகாலத்தில் தாய் பக்கத்தில் இருக்க நினைப்பதில் மறைக்க என்ன இருக்கிறது? உறவினரைப் பார்க்கப் போவது அந்த விசாவுக்கு உரிய காரணம்தான். சம்பளத்துக்கு வேலை செய்வதுதான் கூடாது. தெரிந்தே பொய் சொன்னதாக அதிகாரி முடிவு செய்தால் அது 214(பி) மறுப்பு போன்றதல்ல. 214(பி) மறுப்புக்குப் பிறகு மீண்டும் விண்ணப்பிக்கலாம். பொய்க்கு அதே சட்டத்தில் நிரந்தரத் தடை இருக்கிறது. அதிலிருந்து விலக்கு வாங்குவது தனிப் போராட்டம். சொல்லிக் கொடுத்த ஏஜென்டுக்கு ஒன்றும் ஆகாது. பேரக்குழந்தையைப் பார்க்க முடியாமல் போகிறவர் அந்த அம்மா.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டணம் 2023 ஜூன் முதல் 185 டாலர், அதற்கு ஈடான ரூபாய். விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது. புகைப்படம் இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, மூக்குக் கண்ணாடி கூடாது. சென்னையில் இரண்டு நாள் வேலை: ஒரு நாள் விசா விண்ணப்ப மையத்தில் கைரேகை, இன்னொரு நாள் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தில் நேர்முகம். தமிழிலேயே பேசலாம். அரைகுறை ஆங்கிலத்தில் தடுமாறுவதைவிட, தமிழில் பேசுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முன்பெல்லாம் 79 வயதைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாக நேர்முகம் இல்லை. 2025 செப்டம்பர் 2 முதல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். நடக்க முடியாத பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது; இந்த மாற்றம் எனக்கு நியாயமாகப் படவில்லை. பழைய பி-1/பி-2 விசா முடிந்து 12 மாதங்களுக்குள் புதுப்பிக்கிறவர்களுக்கு நேர்முகம் இல்லாத 'டிராப்பாக்ஸ்' வழி இன்னும் உண்டு. பழைய விசாவின் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

விசா கிடைத்தால் பெரும்பாலும் பத்து ஆண்டுக்கு. பத்து ஆண்டு என்றதும் அங்கேயே இருக்கலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு தடவை போனால் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விசா சொல்வதில்லை. விமான நிலையத்தில் இறங்கியதும் அங்குள்ள அதிகாரி முடிவு செய்கிறார். வழக்கமாக ஆறு மாதம்வரை. அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். அதை இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். போய்ச் சேர்ந்த வாரமே மகனை எடுக்கச் சொல்லி, தேதியை நீங்களே ஒரு தரம் பார்த்து, காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட் அதற்கு முன்னால் இருக்க வேண்டும்.

அடுத்த வாரம்: விசா மறுக்கப்பட்டவர்கள் மறுபடி எப்போது விண்ணப்பிப்பது, அதற்குள் எது மாறியிருக்க வேண்டும்?