ஊவா மலைத்தோட்டங்களில் முதற் பயிற்சி

ஏட்டிற் கற்ற மாணவன் ஒரு தொழிலிடத்தில் முதன்முறையாக நாள் முழுதும் நின்று பயிலுங் காலம், அவன் கல்விக்கு உரைகல் ஆகும். இத்தகைய பயிற்சி இக்காலப் பல்கலைக்கழகங்கள் கண்ட புதுமையன்று. பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா மாகாணத்திலும், மலைநாட்டின் பிற தேயிலைத் தோட்டங்களிலும் நெடுங்காலம் நிலவிய ஒரு முறை இதற்குத் தக்க சான்றாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில், தோட்டத்துரையாக விரும்பிய இளைஞன் முதலில் ஒரு பெரியதுரையிடம் பயிற்சிக்கு அமர்ந்தான். அவனைக் ‘கிரீப்பர்’ என்றனர். படர்கொடி என்பது அச்சொல்லின் பொருள். அவனுக்கு ஊதியம் இல்லை. பயிற்சிக்கெனப் பணம் செலுத்தியோரும் உளர். 1931ஆம் ஆண்டு அப்புத்தளையில் ஆதிஷாம் மாளிகையைக் கட்டிய சேர் தோமஸ் வில்லியர்ஸ், 1887இல் இலங்கைக்கு வந்தபோது தோட்டப் பயிற்சியாளராகவே தம் வாழ்வைத் தொடங்கியவர்.

கொடி நிற்கக் கொழுகொம்பு வேண்டும். இவ்விளைஞனுக்குக் கொழுகொம்பாய் நின்றவர் யாவர்? பெரியதுரை ஒருவரே எனல் பொருந்தாது. விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் ஆட்களை மலைகளுக்குப் பிரித்தனுப்பும் முறையைக் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் நடத்தக் கண்டே அவன் அறிந்தான். இரண்டு இலையும் ஒரு குருத்தும் கொய்யும் நேர்த்தியைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்கள் காட்டின. கவ்வாத்துக் கத்தியை எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் வீசுவது என்பதை அதனைக் கையாண்டு பழகியவரே அறிவர்.

தொழிற்சாலையிலும் அவ்வாறே. கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்திச் சலிக்கும் படிகளை நூல் கூறும். ஆயினும் புளித்தது போதும் என்னும் பதத்தை இலையின் நிறத்தாலும் மணத்தாலும் உணர்வது தேயிலை தயாரிப்பவரின் அனுபவமேயாகும். ஊவாவில் இவ்வறிவு மிகவும் வேண்டப்படுவது. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுகளில் பொழிந்தபின், ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவா மலைகளில் வறண்ட காற்று வீசும். உலகெங்கும் விரும்பப்படும் தனிமணம் அப்பருவக் கொழுந்திலேயே அமைகின்றது. பதம் ஒருசிறிது தவறினும் அம்மணம் கெடும்.

எனவே, பயிற்சியாளனுக்கு இன்றியமையாத கருவி தொழிலாளர் பேசிய தமிழாயிற்று. அவனுக்கெனத் தமிழ்க் கைநூல்களும் எழுந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘இங்கே வா’ என்பது. ஏவுதற்கு மொழி கற்பது வேறு. கேட்டறிதற்குக் கற்பது வேறு என்னும் உண்மையை அப்பெயர் ஒன்றே புலப்படுத்தும். ஏவலை மட்டும் கற்றவன் வேலை வாங்குவான், வேலையை அறியான்.

இம்முறையின் பெருங்குறை யாதெனின், கற்பித்தோருக்கு ஆசிரியர் என்னும் பெயர் கிட்டாமையே. துரைக்குத் தொழில் காட்டிய தொழிலாளியின் மகன் சின்னத்துரையாதல் அரிதினும் அரிதாயிருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது.

இன்று நிலை மாறத் தொடங்கியுள்ளது. 2005இல் பதுளையில் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் ஒரு பட்டப்படிப்பாக அமைந்துள்ளது. தொழிலிடப் பயிற்சியும் அக்கல்வியில் இடம்பெறுகின்றது. லயத்தில் வளர்ந்த பிள்ளையும் அவ்வழியே தொழிற்சாலை வாயிலில் பயிற்சியாளராய் நுழைதல் கூடும். நுழைபவர் எவராயினும் பழைய முறை உணர்த்தும் பாடம் ஒன்றே: பட்டத்தால் தமக்குக் கீழ்ப்பட்டோரிடம் தொழிலால் தம்மினும் மேம்பட்ட அறிவு உண்டு. அதனைக் கேட்டுப் பெறுதலும், பெற்றதை யாரிடம் பெற்றோம் என்று மறவாதிருத்தலுமே முதற் பயிற்சியின் பயனாகும்.